பேச்சு, மொழிக் குறைபாடுள்ள குழந்தைகளில் ஒழுங்கமைவுக் கற்றல்

ஒழுங்கமைவுக் கற்றல் என்பது ஒலிகளிலும் சொற்களிலும் உருவங்களிலும் திரும்பத் திரும்ப வரும் முறைமையை, பிறர் எடுத்துச் சொல்லாமலேயே, மனம் தானாகக் கண்டுகொள்வதைக் குறிக்கும். குழந்தைகள் தாய்மொழியைக் கற்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு எனக் கருதப்படுகிறது. கேள்திறனிலோ அறிவுத்திறனிலோ வெளிப்படையான குறை ஏதும் இல்லாதிருந்தும் சில குழந்தைகளுக்கு மொழி எளிதில் வசப்படுவதில்லை. அத்தகைய குழந்தைகளிடம் இக்கற்றல் மெதுவாக நிகழ்கிறதா, அவ்வாறாயின் அதற்கேற்பப் பயிற்சியை மாற்றியமைக்க முடியுமா என்னும் வினாக்கள் 2000களில் இருந்து உளவியலிலும் பேச்சு மொழி மருத்துவத்திலும் விரிவாக ஆராயப்பட்டு வருகின்றன.

பெரும்பாலான ஆய்வுகள் ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடம் நடந்தவை. எனவே இக்கட்டுரையில் அவற்றின் முடிவுகள் தமிழோடு பொருத்திக் காட்டப்படுகின்றன. எடுத்துக்காட்டுகள் பல திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் அமைந்த ரமணாசிரமம் பகுதியில் வளரும் ஒரு குழந்தையின் காதில் விழக்கூடிய பேச்சிலிருந்து எடுக்கப்பட்டவை.

பெயர்

ஆங்கிலத்தில் 'பேட்டர்ன்' எனப்படுவதற்குத் தமிழில் ஒரே சொல் நிலைபெறவில்லை. தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிக் கணக்குப் பாடநூல்கள் 'அமைப்புகள்' என்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் 'கோலம்' என்ற சொல் ஆளப்படுகிறது. 'எண் கோலங்கள்' என்று தனிப் பாடமே உண்டு. வாசலில் புள்ளி வைத்து இடும் கோலத்தை நினைவூட்டுவதால் இலங்கை வழக்கே பொருளுக்கு நெருங்கியது எனலாம். ஆயினும் தமிழ்நாட்டு வாசகருக்குக் குழப்பம் நேராதிருக்க இங்கு 'ஒழுங்கமைவு' என்ற சொல் பயன்படுத்தப்படுகிறது. ஒலிகள் அடுத்தடுத்து வரும் வாய்ப்பைக் கணித்துக் கற்பதை ஆய்வாளர்கள் புள்ளியியல் கற்றல் என்றும், கற்கிறோம் என்ற உணர்வின்றிக் கற்பதை உள்ளார்ந்த கற்றல் என்றும் அழைப்பர். இவை இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. எனினும் இக்கட்டுரையின் தேவைக்கு ஒன்றாகவே கொள்ளலாம்.

சொல்லின் எல்லையைக் கண்டறிதல்

எழுத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி உண்டு, பேச்சில் இல்லை. அறியாத மொழியைக் கேட்கும் ஒருவருக்கு எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பது விளங்காது. பச்சிளங்குழந்தைக்குத் தாய்மொழியும் முதலில் அவ்வாறே கேட்கிறது.

திருவண்ணாமலைக் குழந்தை ஒன்று 'அண்ணாமலை தெரியுது', 'அண்ணாமலைக்குப் போறோம்', 'அண்ணாமலையைச் சுத்தணும்' ஆகிய தொடர்களைக் கேட்பதாகக் கொள்வோம். இவற்றில் 'ணா'வை அடுத்து எப்போதும் 'ம' வருகிறது. 'ம'வை அடுத்து 'லை' வருகிறது. 'லை'க்குப் பின்னர் வருவதோ ஒவ்வொரு முறையும் மாறுகிறது. அடுத்த அசையை எளிதில் ஊகிக்க முடிகிற இடங்கள் சொல்லின் உட்பகுதி. ஊகம் தடுமாறுகிற இடம் சொல்லின் எல்லை. இதே குழந்தை 'அண்ணா வந்தான்', 'அண்ணா எங்கே' என்றும் கேட்கும்போது 'ணா'வுக்குப் பின்னும் ஊகம் தடுமாறும். அப்போது இரண்டு வெவ்வேறு சொற்களைப் பிரித்தறிய இன்னும் கூடுதலான கேள்வி அனுபவம் தேவைப்படும்.

இவ்வாறான கணிப்பைக் குழந்தைகள் உண்மையிலேயே செய்கின்றனர் என்பதை 1996இல் ஜென்னி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் ஆகியோர் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் காட்டினர். 8 மாதக் குழந்தைகளுக்கு மூன்று அசைகள் கொண்ட நான்கு பொருளற்ற சொற்களை, இடைவெளியோ அழுத்தமோ இன்றி, ஒரே சீராக 2 நிமிடங்கள் ஒலிக்கச் செய்தனர். சொல்லுக்குள் ஓர் அசையை அடுத்து மற்றோர் அசை வருவது உறுதி. சொல்லின் எல்லையில் அது மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பே. பின்னர் நடந்த சோதனையில், குழந்தைகள் அச்சொற்களையும் எல்லை தாண்டி ஒட்டவைத்த அசைத்தொடர்களையும் வேறுபடுத்தி உணர்ந்தனர். புதியவற்றை அவர்கள் நீண்ட நேரம் கவனித்ததே இதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. 2 நிமிடத்தில் இது நிகழ்ந்தது என்பதுதான் பலரையும் வியக்க வைத்தது.

1999இல் கேரி மார்க்கஸ் குழுவினர் 7 மாதக் குழந்தைகளிடம் இன்னொரு வகை ஒழுங்கைச் சோதித்தனர். 'கா தீ கா' போன்ற அமைப்பைக் கேட்டுப் பழகிய குழந்தைகள், முன்பின் கேட்டிராத அசைகளால் ஆன தொடர்களிலும் அதே அமைப்பை இனங்கண்டனர். இங்கு அவர்கள் கற்றவை குறிப்பிட்ட ஒலிகள் அல்ல. ஒலிகளுக்கு இடையிலான உறவே.

தமிழ்க் குழந்தை எதிர்கொள்ளும் ஒழுங்குகள்

தமிழ் ஓர் ஒட்டுநிலை மொழி. வேற்றுமை, எண், காலம், இடம், பால் ஆகியவை சொல்லின் இறுதியில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டப்படுகின்றன. இலக்கண நூல் இவற்றை விதிகளாகத் தரும். ஆனால் மூன்று வயதுக் குழந்தை விதியைப் படிப்பதில்லை. எடுத்துக்காட்டுகளைக் கேட்டே அதை அடைகிறது.

பேருந்து நிலையத்தில் கேட்கும் ஊர்ப்பெயர்களைக் கொள்வோம். ஆரணிக்கு, திருவண்ணாமலைக்கு என்பவற்றில் 'க்கு' மட்டும் சேர்கிறது. வேலூருக்கு, போளூருக்கு என்பவற்றில் இடையே ஓர் உகரம் தோன்றுகிறது. செங்கம் என்பது செங்கத்துக்கு ஆகிறது. 'ம்' கெட்டு 'த்து' வருகிறது. ஆசிரமத்துக்கு, கிரிவலத்துக்கு, குளத்துக்கு எல்லாம் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. ரமணாசிரமம் பகுதியில் வளரும் குழந்தை 'த்துக்கு' என்னும் வடிவத்தை நாளொன்றுக்குப் பலமுறை கேட்கும். ஒரு நாள் முன்பு கேட்டிராத ஒரு பெயரை, எடுத்துக்காட்டாகச் சிதம்பரம் என்பதை, முதன்முறை கேட்ட மாத்திரத்தில் 'சிதம்பரத்துக்கு' என்று அது தானே சொல்லுமாயின், ஒழுங்கு கற்கப்பட்டுவிட்டது என்று பொருள். 1958இல் ஜீன் பெர்கோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் இதே கருத்தைக் கொண்டு ஒரு சோதனையை உருவாக்கினார். 'வக்' என்ற பெயருடைய கற்பனைப் பறவையின் படத்தைக் காட்டி, அது இரண்டானால் என்னவென்று குழந்தைகளைக் கேட்டார். கேட்டறியாத சொல்லுக்கும் அவர்கள் பன்மை விகுதியைச் சரியாகச் சேர்த்தனர்.

வினைச்சொற்களில் ஒழுங்கு இன்னும் சிக்கலானது. போடு, ஓடு இரண்டும் ஒரே ஒலியில் முடிபவை. ஆனால் இறந்த காலத்தில் ஒன்று 'போட்டான்', மற்றது 'ஓடினான்'. இத்தகைய இடங்களில் இயல்பாக வளரும் குழந்தையும் ஒன்றின் ஒழுங்கை மற்றதற்கு ஏற்றிப் பிழை செய்யக்கூடும். அப்பிழை குறைபாட்டின் அடையாளமன்று. ஒழுங்கைப் பிடித்துக்கொண்டதன் அடையாளம். குழந்தையின் பேச்சில் எல்லாப் பிழைகளையும் ஒரே தட்டில் வைத்து எண்ணுவோர் இதைத் தவறவிடுகின்றனர்.

மூன்றாவது வகை, விலகி நிற்கும் இரு உறுப்புகளுக்கு இடையிலான உறவு. 'நான் நேத்து அம்மாகூடக் கடைக்குப் போனேன்' என்னும் தொடரில் 'நான்' என்பதும் இறுதியிலுள்ள 'ஏன்' விகுதியும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. இடையில் வருபவை மாறலாம், கூடலாம், குறையலாம். அவன் எனில் 'ஆன்', நாங்கள் எனில் 'ஓம்'. இந்த உறவைக் கற்க, இடையில் உள்ளவற்றைத் தள்ளி இரு முனைகளையும் இணைத்து நினைவில் வைக்க வேண்டும்.

1989இல் பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லெனார்டும் 'ஜர்னல் ஆஃப் சைல்டு லாங்குவேஜ்' என்னும் ஆய்விதழில் தமிழ்க் குழந்தைகள் பற்றிய ஒரு கட்டுரையை வெளியிட்டனர். இரண்டு வயதளவிலேயே தமிழ்க் குழந்தைகள் வினை விகுதிகளைக் குறைந்த பிழைகளோடு கையாள்வதை அவர்கள் கண்டனர். துருக்கி போன்ற பிற ஒட்டுநிலை மொழிகளில் கண்டறியப்பட்டதோடு இது ஒத்துப்போகிறது. விகுதிகள் பல என்பதால் தமிழ் குழந்தைக்குக் கடினம் என்று நினைப்பது இயல்பு. உண்மை இதற்கு நேர்மாறாக இருக்கக்கூடும். தமிழில் விகுதிகள் தெளிவாக ஒலிக்கின்றன, ஏறத்தாழ ஒவ்வொரு தொடரிலும் வருகின்றன, சொல்லின் இறுதியில் நிற்கின்றன. ஒழுங்கைத் தேடும் மனத்திற்கு இவை மூன்றும் துணை.

தமிழ்க் குழந்தைகளின் மொழி வளர்ச்சியை முறையாகப் பதிவு செய்த முன்னோடிகளுள் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் ஆர். நரசிம்மனும் ஒருவர். இந்தியாவின் தொடக்ககாலக் கணினிகளுள் ஒன்றான டிஃப்ராக்கை உருவாக்கிய குழுவை வழிநடத்திய அவர், பின்னர் குழந்தை மொழியில் ஈடுபாடு கொண்டார் என்பது குறிப்பிடத்தக்கது. அவரோடு பணியாற்றிய ஆர். வைத்தியநாதன் தமிழ்க் குழந்தைகளின் வினாத்தொடர்கள், எதிர்மறைத் தொடர்கள் ஆகியவற்றின் வளர்ச்சியை ஆராய்ந்தார்.

குறைபாட்டின் வகைகள்

பேச்சுக் குறைபாடும் மொழிக் குறைபாடும் வெவ்வேறானவை. ஒலிகளைச் சரியாக உருவாக்க இயலாமை, திக்குதல் போன்றவை பேச்சுக் குறைபாடுகள். சொற்களையும் தொடர்களையும் புரிந்துகொள்வதிலோ அமைப்பதிலோ உள்ள தடை மொழிக் குறைபாடு. ஒரே குழந்தையிடம் இரண்டும் இருக்கலாம்.

பேச்சொலிக் குறைபாட்டிலும் ஓர் ஒழுங்கு உண்டு. நாவின் பின்பகுதியால் எழும் ககரத்தை முன்பகுதியால் எழும் தகரமாக ஒலிக்கும் குழந்தை, காக்கையைக் காட்டித் 'தாத்தா' என்று சொல்லும். வீட்டார் சிரிப்பர். ஆனால் அக்குழந்தை கடையைத் 'தடை' என்றும், காயைத் 'தாய்' என்றும் சீராகவே மாற்றுகிறது. அதன் பேச்சு குழப்பமன்று. பெரியவர்களின் ஒழுங்கிலிருந்து வேறுபட்ட ஓர் ஒழுங்கு. எனவே பேச்சு மருத்துவர் ஒவ்வொரு சொல்லாகத் திருத்தாமல், 'காய்', 'தாய்' போன்று ஓர் ஒலியால் மட்டும் வேறுபடும் சொல்லிணைகளைக் கொண்டு அந்த ஒழுங்கையே மாற்ற முயல்கிறார். பெரும்பாலான குழந்தைகளிடம் இம்மாற்றொலிப்பு சிறு வயதிலேயே தானாக மறைந்துவிடும். நான்கு வயதுக்குப் பின்னும் நீடித்தால் கவனிக்க வேண்டும்.

மொழிக் குறைபாட்டில், காது கேளாமை, மதியிறுக்கம், அறிவுசார் குறைபாடு போன்ற வெளிப்படையான காரணம் ஏதுமின்றி வருவது வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு எனப்படுகிறது. முன்பு இது குறித்த மொழிக் குறைபாடு என்று வழங்கப்பட்டது. டாரதி பிஷப் தலைமையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வல்லுநர்கள் கலந்தாய்ந்து 2016, 2017ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட அறிக்கைகளுக்குப் பின்னர்ப் புதிய பெயர் நிலைபெற்றது. அவ்வல்லுநர்கள் அனைவரும் ஆங்கிலம் பேசும் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்பதையும் மனத்திற்கொள்ள வேண்டும்.

இக்குறைபாடு அரிதானதன்று. 1997இல் புரூஸ் டாம்ப்ளின் குழுவினர் அமெரிக்காவில் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்திய கணக்கெடுப்பில் 7.4 விழுக்காட்டினரிடம் இது காணப்பட்டது. 2016இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் கோர்ட்னி நார்பரி குழுவினர் கண்ட அளவு 7.58 விழுக்காடு. அதாவது 30 குழந்தைகள் கொண்ட ஒரு வகுப்பில் ஏறத்தாழ இருவர். டாம்ப்ளின் ஆய்வின் இன்னொரு முடிவு கவலைக்குரியது. குறைபாடு கண்டறியப்பட்ட குழந்தைகளின் பெற்றோரில் 29 விழுக்காட்டினருக்கு மட்டுமே அதுவரை எவரேனும் அதைச் சொல்லியிருந்தனர்.

ஒழுங்கமைவுக் கற்றலில் காணப்படும் வேறுபாடு

2009இல் ஜூலியா எவன்ஸ், ஜென்னி சாஃப்ரன், கேத்ரின் ரோப்-டாரஸ் ஆகியோர் 1996ஆம் ஆண்டின் சோதனையைப் பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றி நடத்தினர். குழந்தைகள் படம் வரைந்துகொண்டிருக்கையில் பின்னணியில் இடைவெளியற்ற அசைத்தொடர் 21 நிமிடங்கள் ஒலித்தது. இயல்பான மொழி வளர்ச்சி உடையோர் அதிலிருந்து சொற்களைப் பிரித்தறிந்தனர். மொழிக் குறைபாடுள்ளோரின் விடைகளோ ஊகத்தின் அளவைத் தாண்டவில்லை. கேட்கும் நேரம் 42 நிமிடங்களாக இரட்டிக்கப்பட்டபோது அவர்களும் சொற்களை அறிந்தனர். ஆனால் அசைகளுக்கு மாற்றாக இசையொலிகளைப் பயன்படுத்தியபோது இரட்டிப்பு நேரமும் போதவில்லை.

இம்முடிவின் பொருளை நிதானமாக நோக்க வேண்டும். 'இக்குழந்தைகளால் கற்க முடியாது' என்பது இதன் பொருளன்று. பிறர் ஒருமுறை கேட்டு அறிவதற்கு இவர்களுக்கு இருமுறை கேட்க வேண்டியுள்ளது. இயல்பான வீட்டுச் சூழலில் அந்த இரண்டாவது முறை கிடைப்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது, குழந்தை பின்தங்குகிறது. பேசாத குழந்தையிடம் பெரியவர்களும் மெல்ல மெல்லக் குறைவாகப் பேசத் தொடங்கினால், கூடுதலாகத் தேவைப்படுபவருக்குக் குறைவாகக் கிடைக்கும் நிலை உண்டாகும்.

இவ்வேறுபாட்டுக்கான விளக்கங்களுள் மிகுதியாகப் பேசப்படுவது மைக்கேல் உல்மனும் எலிசபெத் பியர்பாண்ட்டும் 2005இல் முன்வைத்த செயல்முறை நினைவுக் கருதுகோள் ஆகும். மிதிவண்டி ஓட்டுதல், வரிசைமுறையான செயல்களைப் பழகுதல் ஆகியவற்றுக்கு உதவும் நினைவு அமைப்பே இலக்கண ஒழுங்குகளைக் கற்கவும் உதவுகிறது. மூளையின் அடித்தள முடிச்சுகளும் முன்மடலின் சில பகுதிகளும் இணைந்த இவ்வமைப்பில் உள்ள குறையே மொழிக் குறைபாடாக வெளிப்படுகிறது என்பது இதன் சாரம். பெயர்களையும் செய்திகளையும் நினைவில் வைக்கும் மற்றோர் அமைப்பு ஒரளவு ஈடுசெய்யக்கூடும் என்றும் அவர்கள் கூறினர். மொழியோடு தொடர்பற்ற வரிசைகளைக் கற்பதிலும் இக்குழந்தைகள் சற்றுப் பின்தங்குவதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டியுள்ளன. 2016இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு, மொழிக் குறைபாட்டில் புள்ளியியல் கற்றல் வலுக்குறைந்தும் மதியிறுக்கத்தில் அவ்வாறு இல்லாமலும் இருப்பதாகக் கண்டது.

தமிழுக்கு அண்மையில் நிற்கும் ஆய்வு கன்னடத்தில் நடந்தது. மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் கேள்திறன் நிறுவனத்தைச் சேர்ந்த செங்கோட்டுவேல் குப்புராஜும் பிரேமா ராவும் 2013இல் வெளியிட்ட கட்டுரையில், கன்னடம் பேசும் மொழிக் குறைபாடுள்ள குழந்தைகளின் வரிசைக் கற்றலையும் இலக்கண ஆளுமையையும் ஒருசேர ஆராய்ந்தனர். இரண்டிலும் குறை இருப்பதைக் கண்டனர். கன்னடமும் ஒட்டுநிலைத் திராவிட மொழி என்பதால் தமிழ் ஆய்வாளர்களுக்கு இது பயனுள்ள தொடக்கம்.

எதிர்க் கருத்துகளும் உள்ளன. 2018இல் கில்லியன் வெஸ்ட் உள்ளிட்டோர், செயல்முறைக் கற்றலை அளக்கும் சோதனைகள் ஒரே குழந்தையிடம் இருமுறை நடத்தினால் ஒத்த விடை தருவதில்லை என்று சுட்டிக்காட்டினர். 2020இல் இன்பல் ஆர்னோனும் புள்ளியியல் கற்றல் சோதனைகளில் குழந்தைகளிடம் இதே சிக்கலைக் கண்டார். குழுக்களின் சராசரிகளை ஒப்பிட இச்சோதனைகள் உதவலாம். ஒரு தனிக் குழந்தைக்குக் குறைபாடு உண்டா இல்லையா என்று தீர்மானிக்க இவை தகுதியானவை அல்ல. இணையத்தில் 'ஒழுங்கமைவுத் திறன் சோதனை' என்று விற்கப்படுபவற்றைப் பெற்றோர் இக்கண்ணோட்டத்தோடு அணுகுவது நன்று.

காது கேளாத குழந்தைகள் பற்றிய செய்தியும் இவ்வாறே தெளிவற்றது. 2011இல் கிறிஸ்டஃபர் கான்வே குழுவினர், உட்செவிச் சுருள் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகளிடம் கண்ணால் காணும் வரிசைகளைக் கற்கும் திறனும் குறைந்திருப்பதாகக் கூறினர். 2018இல் நார்வேயில் வெளியான ஆய்வு அத்தகைய வேறுபாட்டைக் காணவில்லை.

பயிற்சியில் பயன்பாடு

இத்துறையில் நடைமுறைக்கு நேரடியாக உதவிய கண்டுபிடிப்பு ரெபெக்கா கோமஸ் 2002இல் வெளியிட்டது. விலகி நிற்கும் இரு உறுப்புகளின் உறவை 18 மாதக் குழந்தைகள் எப்போது கற்கின்றனர் என்று அவர் சோதித்தார். இடையில் வரும் சொற்கள் 3 அல்லது 12 மட்டுமே இருந்தபோது குழந்தைகள் கற்கவில்லை. அவை 24 ஆனபோது கற்றனர். இடைப்பகுதி ஓயாமல் மாறும்போது மனம் அதைப் பற்றிக்கொள்வதை விட்டு, மாறாது நிற்கும் முனைகளைக் கவனிக்கிறது.

அரிசோனா பல்கலைக்கழகத்தின் எலினா பிளான்டே குழுவினர் இதைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தனர். 2014இல் வெளியான அவர்களது ஆய்வில் 4, 5 வயதுடைய மொழிக் குறைபாடுள்ள 18 குழந்தைகள் பங்கேற்றனர். ஒவ்வொருவரும் தவறவிடும் ஓர் இலக்கண வடிவம் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒரு பாதிக்கு 12 வினைச்சொற்கள் இருமுறை வீதம் வந்தன; மறுபாதிக்கு 24 வெவ்வேறு வினைச்சொற்கள் ஒருமுறை வீதம் வந்தன. மொத்த எடுத்துக்காட்டுகள் இரு சாராருக்கும் சமம். 24 சொற்களைக் கேட்டவர்களிடமே தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது.

இம்முடிவு நமது வழக்கமான கற்பித்தல் முறைக்கு எதிரானது. ஒரே தொடரை மனப்பாடம் ஆகும்வரை திரும்பச் சொல்ல வைப்பதே பல வீடுகளிலும் வகுப்புகளிலும் நடக்கிறது. அதனால் குழந்தை அந்தத் தொடரைக் கற்கிறது, ஒழுங்கைக் கற்பதில்லை. 'த்துக்கு' என்பதைக் கற்க வேண்டிய குழந்தைக்கு 'ஆசிரமத்துக்கு' என்ற ஒரு சொல்லை ஐம்பது முறை சொல்வதைவிட, குளத்துக்கு, மரத்துக்கு, படத்துக்கு, பழத்துக்கு, செங்கத்துக்கு என்று பல சொற்களைச் சொல்வது பயன் தரும் என எதிர்பார்க்கலாம். திரும்ப வருதல் தேவைதான். ஆனால் திரும்ப வரவேண்டியது ஒழுங்கு, சொல் அன்று.

பயிற்சியின் மற்றொரு கூறு திருத்திக் கூறல். குழந்தை சொன்னதையே சரியான வடிவில் உடனே திருப்பிச் சொல்வது இது.

குழந்தை: மயில் ஓடு.
அம்மா: ஆமாம்டா, மயில் ஓடுது.
குழந்தை: குரங்கு சாப்பிடு.
அம்மா: ஆமா, குரங்கு சாப்பிடுது. அணில் பாரு, அணிலும் சாப்பிடுது.

இங்கு 'தப்பு', 'சரியாச் சொல்லு' என்ற சொற்கள் வருவதில்லை. குழந்தை சொல்ல விரும்பிய பொருள் அதன் மனத்தில் நிற்கும்போதே சரியான விகுதி காதில் விழுகிறது. ஆசிரமப் பகுதியில் மயில்களுக்கும் குரங்குகளுக்கும் குறைவில்லை என்பதால் எடுத்துக்காட்டுகளுக்கும் குறைவிராது.

கோலமும் இலக்கணமும்

ஒழுங்கமைவுக் கற்றல் கண்ணுக்கும் உரியது. சென்னை தாம்பரம் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிரிதிவாசனுடன் இணைந்து 1974இல் கோலங்களை இலக்கண விதிகளால் விளக்கும் கட்டுரையை வெளியிட்டனர். மொழித் தொடர்களை உருவாக்கும் விதிகளைப் போன்ற சில விதிகளைக் கொண்டு சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலத்தை உருவாக்கலாம் என்று அவர்கள் காட்டினர். கணினியியலில் அக்கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

கோலம் இட்டால் பேச்சு வரும் என்று இதிலிருந்து முடிவு செய்யலாகாது. ஒரு புலனில் பெற்ற பயிற்சி மற்றொன்றில் தானாகப் பரவும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. மணிகளை நிறம் மாற்றிக் கோத்தல், வடிவங்களை வரிசையாக அடுக்குதல் போன்ற விளையாட்டுகளும் அவ்வாறே. இவற்றின் பயன் வேறிடத்தில் உள்ளது. தாயும் குழந்தையும் அருகருகே அமர்ந்து ஒரே பொருளைக் கவனிக்கும் நேரம் அது. 'இங்க ஒரு புள்ளி வெச்சேன், இங்க ஒரு புள்ளி வெச்சேன், நீ வெக்கிறியா' என்னும் பேச்சு அதனோடு சேரும்போதுதான் மொழிக்கு உதவி கிடைக்கிறது.

பன்மொழிச் சூழலும் இரட்டை வழக்கும்

திருவண்ணாமலையில், குறிப்பாக ரமணாசிரமத்தைச் சுற்றி, தமிழோடு தெலுங்கு, மலையாளம், இந்தி, ஆங்கிலம், ஐரோப்பிய மொழிகள் சில ஆகியவையும் நாள்தோறும் கேட்கின்றன. பேச்சுத் தாமதமான குழந்தையின் பெற்றோருக்கு 'ஒரே மொழியில் பேசுங்கள்' என்ற அறிவுரை அடிக்கடி தரப்படுகிறது. பன்மொழிச் சூழல் மொழிக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை என்பதே ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. உண்மையான குறைபாடு குழந்தை கேட்கும் எல்லா மொழிகளிலும் வெளிப்படும். ஆகவே ஒரு மொழியில் மட்டும் சோதித்து முடிவு செய்வது தவறு. வீட்டு மொழியைக் கைவிட்டு, தமக்கே சரளமில்லாத ஆங்கிலத்தில் பெற்றோர் பேசத் தொடங்குவது குழந்தைக்குக் கிடைக்கும் எடுத்துக்காட்டுகளைக் குறைத்துவிடும்.

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கல் இரட்டை வழக்கு. வீட்டில் 'போறேன்', 'வரல' என்று கேட்ட குழந்தை, பாடநூலில் 'போகிறேன்', 'வரவில்லை' என்பவற்றைச் சந்திக்கிறது. முதல் ஒழுங்கே உறுதிப்படாத குழந்தைக்கு இரண்டாவதும் சேரும்போது சுமை இரட்டிப்பாகிறது. படிப்பில் மந்தம் என்று கருதப்படுவோருள் சிலர் உண்மையில் இந்நிலையில் உள்ளோராக இருக்கலாம்.

இந்தியாவில் கண்டறிதலும் உரிமைகளும்

2013இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகள் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பரிசோதிக்கப்படுகின்றனர். பரிசோதனைக்குரிய நிலைகளுள் மொழி வளர்ச்சித் தாமதமும் ஒன்று. தேவைப்படுவோர் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுவர். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005இல் நிறுவப்பட்ட பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் பேச்சுப் பயிற்சி அளிக்கிறது. பேச்சு மருத்துவராகப் பணியாற்ற இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவு செய்திருத்தல் கட்டாயம். பெற்றோர் இப்பதிவைக் கேட்டறிவது பொருத்தமானது.

சட்டத்தில் ஓர் இடைவெளி உள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. அவற்றுள் 'பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு' என்பது குரல்வளை நீக்கம், மூளைப் பாதிப்பால் வரும் பேச்சிழப்பு போன்றவற்றால் நேரும் நிலையான குறைபாடு என வரையறுக்கப்பட்டுள்ளது. இது பெரும்பாலும் வளர்ந்தோருக்குப் பொருந்தும். குழந்தைகளிடம் காணப்படும் வளர்ச்சிசார் மொழிக் குறைபாட்டுக்கு நெருங்கிய சொல், அதே சட்டத்தில் 'குறித்த கற்றல் குறைபாடு' என்ற வேறொரு வகைக்குள், ஒரு நீண்ட பட்டியலின் இறுதியில், வளர்ச்சிசார் பேச்சிழப்பு என்று இடம்பெறுகிறது. அவ்வகைக்கான சான்றிதழ் 8 வயது நிறைந்தோருக்கே என 2018ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகள் கூறின. பயிற்சியால் மிகுந்த பயன் பெறக்கூடிய மூன்று, நான்கு வயதில் இக்குழந்தைகளுக்கு எந்தச் சான்றிதழும் எளிதில் கிட்டுவதில்லை. ஆயினும் பரிசோதனைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் சான்றிதழ் தேவையில்லை என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

எப்போது மருத்துவரை நாடலாம்

ஒரு வயதாகியும் மழலையொலிகள் இல்லாமை, 16 மாதமாகியும் ஒரு சொல்லும் வராமை, இரண்டு வயதாகியும் 'அம்மா வா', 'பால் வேணும்' போன்ற இருசொல் தொடர்கள் வராமை ஆகியவை கவனிக்கத்தக்கவை. வந்த பேச்சு எந்த வயதில் மறைந்தாலும் காத்திருத்தல் கூடாது. முதலில் செய்ய வேண்டியது கேள்திறன் சோதனை. சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிறதே என்று அதைத் தவிர்க்கலாகாது. ஓரளவு கேள்திறன் குறைந்த குழந்தையும் உரத்த ஒலிக்குத் திரும்பும்.

இரண்டு வயதில் தாமதமாகப் பேசும் குழந்தைகளுள் பலர் பள்ளி வயதுக்குள் பிறரை எட்டிவிடுகின்றனர் என்பது உண்மை. யார் எட்டுவர், யார் எட்டமாட்டார் என்பதை அந்த வயதில் உறுதியாகச் சொல்ல எந்தச் சோதனையும் இல்லை. சொன்னதைப் புரிந்துகொள்வதிலும் குறை இருந்தால், அல்லது குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இதே வரலாறு இருந்தால், தானாகச் சரியாகும் வாய்ப்பு குறைவு. 'அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்' என்று ஆறுதலாகச் சொல்லப்படும் செய்தி, பேச்சு மருத்துவரிடம் முதலில் தெரிவிக்க வேண்டிய செய்தியாகும்.